அமுங்கிப்போகும் பெடல்

அத்தியாயம் பதினான்கு

புனித வெள்ளியன்று எலோய் வீட்டு இம்பாலா கார் மலைச் சரிவில் நிற்காமல் ஓடி, அடிவாரத்து ஆர்ச்சுலெட்டாவின் வைக்கோல் கட்டுகளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டதோடு போன வாரம் விட்டிருந்தேன். "ஐயையோ, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று கடைத்தெருவிலேயே என்னை மடக்கிக் கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பம்பரில்கூடக் கீறல் இல்லை.

ஆனால் எலோயின் மனைவி பெலார்மினா காரைவிட்டு இறங்கி, தலையிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். வாசலில் நின்று சொன்னது இவ்வளவுதான்.

"இந்த வண்டியில இனிமே நானும் ஏற மாட்டேன். என் பொண்ணும் ஏற மாட்டா."

அந்தப் பெண் பெர்னிக்கு இன்றைக்குக் கல்யாணம்.

எங்கள் ஊர் எஸ்பான்யோலாவில் பெண்ணைப் பெற்றவன் இப்படி ஒரு பழைய காரை இழைத்து இழைத்து வைத்திருந்தால், பெண் அதில்தான் சர்ச்சுக்குப் போவாள். முன்பக்கம் காகிதப் பூ, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்து வரும் பாதி ஊர். எலோய் இந்த அறுபத்து மூன்றாம் வருடத்து இம்பாலாவை வாங்கியபோது பெர்னி தொட்டிலில் கிடந்தாள். "இவளை நான்தான் ஓட்டிக்கிட்டுப் போய் சர்ச்சு வாசல்ல இறக்குவேன்" என்று அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அந்த ஸ்டியரிங்கை வேறொரு கை பிடிக்க அவர் விட்டதில்லை.

வைக்கோல் விவகாரம் மாப்பிள்ளையின் அம்மா சொகோரோ காதுக்குப் போகாமல் இருக்குமா? மறுநாளே போன் வந்துவிட்டது. "கவலையே படாதீங்க சம்பந்தி. சான்டா ஃபேயிலேர்ந்து நீளமா ஒரு வெள்ளைக் கார் சொல்லி வெச்சிருக்கேன். ஒரு வார்த்தை சொன்னா வாசல்ல வந்து நிக்கும்." சொன்ன குரலில் தேன் வழிந்தது. எலோய் ஒப்புக்கொள்ளவில்லை.

பெலார்மினாவும் விட்டுக்கொடுக்கவில்லை. "கல்யாணத்தன்னிக்கு மத்தியானத்துக்குள்ள உன் வண்டி அதே சரிவுல இறங்கி, அதே இடத்துல நிக்கட்டும். நின்னா பார்க்கலாம். இல்லைன்னா சொகோரோவுக்கு போன் போட்டுடுவேன்" என்று கெடு வைத்துவிட்டாள்.

அதனால்தான் இத்தனை நாளாக ஷெட்டில் தட்டல் சத்தம். பழைய டிரம் பிரேக் நீண்ட சரிவில் சூடேறினால் பிடி விட்டுவிடும். முன் சக்கரங்கள் இரண்டிலும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு டிஸ்க் பிரேக் போடுவதென்று அப்பாவும் மகளும் இறங்கியிருந்தார்கள்.

பூஸ்டர் இல்லாமல், கால் பலத்திலேயே பிடிக்கிற பிரேக். அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

"மிதிக்கறதுக்கு ஒத்தாசையா ஒரு பூஸ்டர் போட்டா என்னவாம்?" என்று பெலார்மினா கேட்டாள்.

"இன்ஜின் பக்கம் கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன். அங்க போய் அந்த அண்டாவை வைக்கச் சொல்றியா?"

"உன் கண்ணாடியில மூஞ்சி பார்த்துக்கிட்டே வைக்கோல்ல போய்ப் படு."

இதுதான் இந்தத் தம்பதி. முப்பது வருடமாக இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். கேட்பவர்களுக்குத்தான் பதறும்.

*

காலையில் நான் எட்டிப் பார்த்தபோது இம்பாலா நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. கம்பிச் சக்கரங்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. காருக்கு அடியில் மணப்பெண். தலை நிறைய ரோலர், கையில் ரப்பர் உறை, அப்பாவின் பழைய சட்டை. நேற்றுத்தான் நகத்துக்குச் சாயம் பூசியிருந்தாள்.

ஸ்டியரிங்குக்கு முன்னால் பெலார்மினா உட்கார்ந்திருந்தாள்.

"ஏற மாட்டேன்னு சொன்னியே?" என்றார் எலோய்.

"ஓடினாத்தான் கார். இது ஸ்டாண்டு மேல நிக்குது. நாற்காலியில உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."

எங்கள் ஊரில் பிரேக்கில் காற்று எடுக்கிற வீடு எதுவானாலும் பெடல் வேலை பெண்டாட்டிக்குத்தான். கீழே படுத்திருப்பவர் சக்கரத்தருகில் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறக்க, மேலே இருப்பவள் அழுத்தி, பிடித்து, சொன்ன பிறகு விடவேண்டும். குழாய்க்குள் புகுந்த காற்று எண்ணெயோடு வெளியே வரவேண்டும். காற்று உள்ளே இருந்தால் கால் பஞ்சில் மிதித்த மாதிரி போய்க்கொண்டே இருக்கும், வண்டி நிற்காது. எங்கள் ஊர்த் தம்பதிகள் முக்கால்வாசிச் சண்டையைப் போடுவது இந்த வேலையின்போதுதான்.

"ஸ்டியரிங்கைப் பிடிக்காத கிழவி. துண்டு போட்டிருக்கேன் பாரு, அது மேல கையை வை."

"உன் ஸ்டியரிங் எனக்கெதுக்கு? கால் மட்டும்தான் வாடகைக்கு வந்திருக்கு."

"அம்மா, அழுத்துங்க!" கீழேயிருந்து பெர்னியின் குரல்.

"அழுத்திட்டேன்."

"பிடிங்க!"

"பிடிச்சிருக்கேன்."

"விடுங்க."

நிப்பிளில் மாட்டிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சுத்தமான பிரேக் ஆயில் பாட்டிலுக்குள் இறங்கியது. ஒரு குமிழி கிடையாது. பெர்னி அதையே கண் இமைக்காமல் பார்த்தாள்.

"குமிழியே வரலம்மா. இப்ப மிதிச்சுப் பாருங்க."

பெலார்மினா மிதித்தாள். பெடல் தரை வரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது.

"நேரா பாதாளத்துக்குப் போகுதுடி."

எலோய் பொறுமை இழந்தார். "நீ சரியா அழுத்தல."

"பள்ளிக்கூடச் சமையல்கட்டுல நாள் முழுக்க நிக்கிற கால் இது. இதைக் குறை சொல்லாத. நீ மாட்டினதுல ஏதோ கோளாறு."

"நான் மாட்டினது கச்சிதமா இருக்கு!" என்றார் எலோய், தேவைக்கு மேல் சத்தமாக.

பெர்னி கைப்பிடி லைட்டோடு ஒவ்வொரு இடமாக ஊர்ந்தாள். எங்கேயும் கசிவு இல்லை. பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளுகிற புது மாஸ்டர் சிலிண்டர் அவளே மாட்டியது. மேஜை மேல் வைத்துக் காற்று எடுத்த பிறகுதான் காரில் ஏற்றினாள். பெடல் தண்டில் இரண்டு துளை உண்டு. பூஸ்டர் இல்லாத வண்டிக்கு மேல் துளை, அப்போதுதான் காலுக்கு நெம்புகோல் பலம் கிடைக்கும். அதையும் அவளே மாற்றியிருந்தாள். பின் சக்கரங்கள் சரி. முன் சக்கரங்களில் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர்களை அப்பா மாட்டி முடித்துவிட்டதாகச் சொன்னார். அதில் அவள் நிப்பிளைத் தேடிப் பிடித்துக் குழாயைச் சொருகியதோடு சரி.

பள்ளிக்கூட பஸ்களைப் பழுதுபார்க்கிறவள் அவள். பஸ்ஸில் பிரேக் பிடிப்பதே காற்றுதான். இங்கே அதே காற்று எதிரியாக எங்கேயோ ஒளிந்திருக்கிறது. குமிழியும் வராமல், பெடலும் எழாமல் போனால் என்ன செய்வது? அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ரப்பர் உறையோடு துடைக்கவும் முடியவில்லை.

"விடுங்கப்பா. வெள்ளைக் கார்லயே போறேன். கார்ல என்ன இருக்கு?"

எலோய் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

பெலார்மினாவும் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த போனைப் பார்த்தாள். போகவில்லை. "இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க. எனக்குக் கால் ஒண்ணும் வலிக்கல" என்றாள்.

*

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் பஞ்சுதான்.

அந்த நேரம் பார்த்து மருமகள் இவெட் வந்தாள். கூடை நிறைய காகிதப் பூ. அவள் புருஷன், பெர்னியின் அண்ணன் டெல்ஃபீனோ, விடியும்போதே மண்டபத்தில் நாற்காலி போடப் போய்விட்டான்.

இவெட் கடைப் பலகைகளுக்கும் கார்களுக்கும் கோடும் பூவும் வரைகிறவள். கை அவ்வளவு நேர்த்தி. ஆனால் மாமியாரிடம் அவளுக்கு இன்னும் நல்ல பெயர் கிடைக்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு, மக்காச்சோள மாவில் செய்கிற டமாலே வேகவைத்த பானையில் தண்ணீர் விட மறந்து, மொத்தத்தையும் தீய்த்துவிட்டாள். அன்றிலிருந்து பெலார்மினா அவளை எந்த வேலை ஏவினாலும் பின்னாலேயே "பாத்துப் பண்ணு" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வாள். அந்த ஒரு வார்த்தை இவெட்டை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு அடுக்களையில் வந்து உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

கல்யாணத்துக்காக முன் காலிப்பர்கள் இரண்டிலும் சிவப்பு ரோஜா வரைந்து கொடுத்ததும் அவள்தான். கம்பிச் சக்கரத்தின் இடைவெளியில் அது தெரியவேண்டும் என்பது எலோயின் ஆசை.

கூடையை வைத்துவிட்டு இவெட் முன்பக்கம் குனிந்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் யாருடைய காருக்குப் பக்கத்தில் குனிந்தாலும் இடுப்புப் பெல்ட்டைக் கையால் மூடிக்கொள்வார்கள், பெயிண்டில் கீறிவிடக் கூடாதென்று. அவளும் அப்படித்தான் குனிந்தாள். நிமிரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பாடா! மாமா, ரோஜா நேராத்தான் நிக்குது! நான் தலைகீழா வரைஞ்சுட்டேனோன்னு ராத்திரியெல்லாம் தூங்கல. மேஜையில எந்தப் பக்கம் மேலன்னு பார்க்காம வரைஞ்சுட்டேன். நல்ல வேளை!"

எலோய் அவசரமாக இருமினார். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நீ போய்ப் பூ கட்டு."

காருக்கு அடியில் சத்தம் நின்றது. பெர்னி ஊர்ந்து வெளியே வந்தாள். ஒரு ரோலர் கழன்று காதோரம் தொங்கியது.

"அப்பா. எப்படி நேராச்சு?"

"எது?"

"ரோஜா. எந்தப் பக்கம் மேலன்னே பார்க்காம அண்ணி வரைஞ்சது எப்படி நேராச்சு?"

எலோய் கூரையைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். வேறு வழியில்லை.

"மாட்டும்போது பார்த்தேன், ரெண்டு பூவும் தலைகீழா இருந்துச்சு. இடது பக்கத்தை வலது பக்கத்துலயும், வலது பக்கத்தை இடது பக்கத்துலயும் மாத்திப் போட்டேன். அழகா உக்காந்துச்சு. பூவும் நிமிர்ந்துச்சு."

"நிப்பிள் எங்க போச்சு?"

"எங்க போகும்? அதுலயேதான் இருக்கு. கீழ் பக்கமா வந்துடுச்சு, அவ்வளவுதானே."

பெர்னி தலையில் கை வைத்துக்கொண்டாள். ரோலர் எல்லாம் நசுங்கின.

"அப்பா! காத்து மேலதானே போகும்? நிப்பிள் மேல இருந்தாத்தானே காத்து வெளிய வரும்? கீழேர்ந்து வெறும் எண்ணெயைத்தான் நான் காலையிலேர்ந்து எடுத்துக்கிட்டிருக்கேன். காத்து மேலயே ஜாலியா குந்திக்கிட்டிருக்கு! குழாயைக் கையால தொட்டு மாட்டினேன், எனக்கும் புத்தி போகலையே. கல்யாண நினைப்புல கண்ணு அவிஞ்சு போச்சு எனக்கு."

வேறு ஊரில் எவனாவது பூ நிமிரவேண்டும் என்பதற்காகப் பிரேக்கைப் பக்கம் மாற்றி மாட்டுவானா? எங்கள் ஊர்க்காரன் மாட்டுவான். அழகு என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு மீதி எல்லாம் மறந்துபோகும்.

ஆனால் விஷயம் அழகு மட்டும் இல்லை. அதை முதலில் பிடித்தவள் பெலார்மினா.

"எலோய்." காருக்குள்ளிருந்தே கூப்பிட்டாள். "பூ தலைகீழா இருந்தா அவகிட்ட சொல்லி அழிச்சுட்டு வரையச் சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லல?"

எலோய் குனிந்து காலிப்பரைத் துடைத்தார்.

"யாருக்குத் தெரியக் கூடாதுன்னு மாத்தி மாட்டினே?"

"உனக்குத்தான்" என்றார் எலோய், தரையைப் பார்த்துக்கொண்டே. "பாவம், புள்ள ஆசையா வரைஞ்சுது. உனக்குத் தெரிஞ்சா மறுபடியும் டமாலே பானையிலேர்ந்து ஆரம்பிப்பே. கல்யாண வீட்டுல அவ அழ வேண்டாம்னு பார்த்தேன்."

இவெட் கையிலிருந்த காகிதப் பூவை அப்படியே கசக்கிவிட்டாள்.

பெலார்மினா காரைவிட்டு இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. கோபமென்றுதான் நானும் நினைத்தேன்.

"நான் என்ன பேயா? என் வாய்க்குப் பயந்து பிரேக்கையே தலைகீழா மாட்டுவியா? இதுல என் பொண்ணு போயிருந்தா? நீ போயிருந்தா?"

குரல் உடைந்துவிட்டது. அது கோபம் இல்லை. அவமானமும் பயமும் ஒன்றாகக் கலந்திருந்தன.

அவள் இவெட்டுக்குப் பக்கத்தில் வந்து, ஏப்ரன் முடிச்சைக் கையால் மூடிக்கொண்டு, சக்கரத்துப் பக்கம் குனிந்தாள். இத்தனை நாளில் அந்த ரோஜாவை அவள் நின்று பார்த்ததே இல்லை. வெகு நேரம் பார்த்தாள்.

"இதழ் ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு போட்டிருக்கியே, பனி மாதிரி. எதால போட்டே?"

"ஒத்தை முடி பிரஷ், அத்தை."

"நல்லாத்தான் இருக்கு." பெலார்மினா மூக்கை உறிஞ்சினாள். "எலோய், கழட்டு. இருக்க வேண்டிய பக்கத்துல மாட்டு. பூ தலைகீழா இருந்தா இருக்கட்டும். ரோஜாவைக் காயவைக்கிறவங்க தலைகீழாத்தானே கட்டித் தொங்கவிடறாங்க? யாராவது கேட்டா நான்தான் அப்படி வரையச் சொன்னேன்னு சொல்லுங்க."

இவெட்டுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாமியார் தோளில் தலையைச் சாய்க்கப் போய், பாதியில் தயங்கினாள். பெலார்மினாவே அந்தத் தலையை இழுத்துச் சாய்த்துக்கொண்டாள்.

"சரி சரி, போதும். மூஞ்சி வீங்கிப்போனா போட்டோவுல நீதான் அசிங்கமா இருப்பே."

*

அப்புறம் நடந்த வேலையைப் பார்க்கவேண்டுமே! எலோய் ஒரு பக்கம், பெர்னி ஒரு பக்கம். குழாயைக் கழற்றி, புதுச் செம்பு வாஷர் போட்டு, இடது காலிப்பரை இடப்பக்கமும் வலதை வலப்பக்கமும் மாட்டினார்கள். பிரேக் ஆயில் சொட்டினால் பெயிண்டை அரித்துவிடும். இவெட் ஈரத்துணியோடு ரோஜாவுக்கு அடியில் காவல் உட்கார்ந்தாள். நிப்பிள்கள் இரண்டும் இப்போது வானத்தைப் பார்த்தன.

பெலார்மினா நாற்காலிக்குப் போனாள்.

"அழுத்துங்கம்மா!"

"அழுத்திட்டேன்."

பெர்னி நிப்பிளைத் திறந்ததுதான் தாமதம், புஸ்ஸென்று குழாய் முழுக்க நுரை. குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தது. பெர்னி குழந்தை மாதிரிக் கத்தினாள்.

"வருதுப்பா! வருது! கழுதை, இவ்வளவு நேரம் எங்கடா உக்காந்திருந்தே!"

ஒரு பக்கம் முடிந்து மறு பக்கம். குமிழி குறைந்து, நின்று, சுத்தமான எண்ணெய் வந்தது. பெர்னி நிப்பிளை இறுக்கினாள்.

"இப்ப மிதிங்கம்மா."

பெலார்மினா மிதித்தாள். இன்னொரு தடவை மிதித்தாள்.

"என்னம்மா?"

"நிக்குதுடி." அவள் காலை எடுக்கவில்லை. "கால் பாதியிலேயே நிக்குது. கல்லு மாதிரி இருக்கு. எவ்வளவு மிதிச்சாலும் கீழ போகல."

எலோய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெர்னி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எண்ணெய்க் கையால் அவர் கன்னத்தில் ஒரு தீற்றல் விழுந்தது.

"போய்க் குளிடி!" என்று விரட்டினாள் பெலார்மினா. "மாப்பிள்ளை உன்னை முகர்ந்து பார்த்தா பஸ்ஸுன்னு நினைச்சுக்குவான்."

*

முதலில் எலோய் முற்றத்தில் ஓட்டினார், சந்தில் ஓட்டினார். நின்றது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் நின்றது. பிறகு சரிவின் உச்சிக்குக் கொண்டுபோனார். பெலார்மினா தன் பிக்கப்பில் பின்னாலேயே வந்தாள்.

உச்சியில் நிறுத்தி, பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு எலோய் காத்திருந்தார். அவள் அந்தக் கதவுக்கு வரவில்லை. ஸ்டியரிங் பக்கம் வந்து நின்றாள்.

"தள்ளி உக்காரு."

"என்னது?"

"நான் ஓட்டறேன்."

எலோய் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். "கிழவி, இது வந்து... இது யாருமே..."

"எலோய், அன்னிக்கு நீயாவது பெடலை மிதிச்சுக்கிட்டிருந்தே. என் காலுக்கடியில ஒண்ணுமே இல்ல. வெறும் தரையை மிதிச்சுக்கிட்டு, சாமியைக் கூப்பிட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். சாகறதுக்கு எனக்குப் பயமில்ல. சும்மா உக்காந்துக்கிட்டு சாகறதுக்குத்தான் பயம். காலையிலேர்ந்து அந்தப் பெடல் நல்லா இருக்கா இல்லையான்னு சொன்னது என் கால்தான். அதை நம்பித்தான் என் பொண்ணை ஏத்தப்போறேன். தள்ளி உக்காரு."

எலோய் தள்ளி உட்கார்ந்தார். ஊரில் ஒருவரிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். ஸ்டியரிங்கில் துண்டு இல்லை. அதை எடுக்கச் சொல்லி அவள் கேட்கவும் இல்லை, போடச் சொல்ல அவருக்குத் தைரியமும் இல்லை.

இம்பாலா சரிவில் இறங்கியது. இரண்டாவது வளைவில் வேகம் கூடியது. எலோய் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் வலது கால் தானாகவே தரையை அழுத்தியது.

கீழே ஆர்ச்சுலெட்டா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கார் வருவதைக் கண்டதும் முன்யோசனையாக நான்கு எட்டு பின்வாங்கினார்.

பெலார்மினா மிதித்தாள். பூஸ்டர் இல்லாத பிரேக், காலை ஊன்றித்தான் மிதிக்கவேண்டும். ஊன்றினாள். கார் மூக்கைத் தாழ்த்தி, இழுக்காமல், திரும்பாமல், சரிவு முடிகிற இடத்தில் ரோட்டில் போட்டிருக்கிற நிறுத்தக் கோட்டுக்கு இப்புறமே நின்றது.

ஆர்ச்சுலெட்டாதான் முதலில் கை தட்டினார்.

"இன்னிக்கு வைக்கோல் வேண்டாமா தாயி?"

பெலார்மினாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. புனித வெள்ளிக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து யாரும் கேட்டதில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, ஸ்டியரிங்கிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எலோய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"நின்னுடுச்சு கிழவா."

"நின்னுடுச்சு."

*

வெள்ளைக் கார் வரவில்லை. பெலார்மினாவே போன் போட்டு, "ரொம்ப நன்றி சம்பந்தி, எங்க வண்டி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன குரலில் இவள் பக்கமும் தேன்தான்.

பெர்னி வெள்ளை உடுப்பில் படியிறங்கி வந்தபோது எலோய் சாவிக்காகப் பையைத் தடவினார். சாவி இல்லை. பெலார்மினா புது நீலப் பாவாடை சட்டையில் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் ஓட்டுவேன்னு சொல்லியிருக்கேனே" என்றார் எலோய். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது குரல்.

"சொன்னே. சர்ச்சு வரைக்கும் ரோட்டைப் பார்க்கப்போறியா, உன் பொண்ணைப் பார்க்கப்போறியா? பின்னால ஏறு."

அவர் ஏறினார். தன் காரில் பின் இருக்கையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இவெட் முன்னால் ஏறிக்கொண்டாள். "பார்த்து உக்காரு"வும் இல்லை, ஒன்றும் இல்லை.

பின்னால் ஊரே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. எலோய் ஒன்றையும் கேட்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். இந்த நாளைப் பற்றி எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறார். ஓட்டிக்கொண்டு போனால் இந்த முகத்தைப் பார்க்க முடியாது என்பது மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை. வழியெல்லாம் அழுதார், வெட்கமே இல்லாமல்.

"அப்பா, என் மேக்கப் போயிடும், நீங்க அழாதீங்க" என்று அவளும் அழுதாள்.

சர்ச் வாசலில் கார் மெல்ல வந்து, குலுங்காமல் நின்றது. சொகோரோ குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

"அடடே, ரோஜா ஏன் தலைகீழா இருக்கு?"

"என் மருமக வரைஞ்சது" என்றாள் பெலார்மினா. "நான் சொல்லித்தான்."

எலோய் இறங்கி வந்து மனைவியிடம் கையை நீட்டினார். "சாவியைக் கொடு."

பெலார்மினா சாவியைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். "என்கிட்டயே இருக்கட்டும். திங்கக்கிழமை எனக்கு ஒரு இடத்துக்குப் போகணும்."

"எங்க? நான் கூட்டிக்கிட்டுப் போறேனே."

"நீ வேண்டாம். நான் மட்டும்தான் போகணும்."

"எங்கன்னாவது சொல்லேன்."

"போயிட்டு வந்து சொல்றேன்."

கேலிக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. இவெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறிவிட்டாள். எலோய் நீட்டிய கையை மடக்கக்கூடத் தோன்றாமல், அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கையில் பெர்னி தன் கையை வைத்தாள்.

"வாங்கப்பா, உள்ள எல்லாரும் எழுந்து நிக்கறாங்க."